ரெக்கார்டுகளுக்குள் நடக்கப் பழகுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய சிறு பதிப்பாளர்கள் பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "புத்தகக் கணக்கு வைத்துக்கொள்ள எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் அதில் ஒரு எழுத்தை டைப் செய்வதற்கு முன்னால், அதற்குள் நடமாடக் கற்றுக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். "மவுஸைப் பிடித்து க்ளிக் செய்யத் தெரியும், அது போதாதா?" என்கிறார்கள். போதாது என்பதே என் கருத்து. மென்பொருள் எழுதுவது என் தொழில். சில சிறு பதிப்பகங்களுக்கு டேட்டாபேஸ் அமைத்தும் கொடுத்திருக்கிறேன். அங்கே நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை மென்பொருளின் குறையால் வந்தவை அல்ல. இருக்கும் தகவலைத் தேடிப் போகத் தெரியாததால் வந்தவை.

ஒரு பதிப்பகத்தின் டேட்டாபேஸில் என்னவெல்லாம் இருக்கும்? புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், ஐ.எஸ்.பி.என். எண், விலை, அச்சிட்ட பிரதிகள், விற்ற பிரதிகள், கையிருப்பு, ராயல்டி விகிதம் ஆகியவை இருக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் உரிய கட்டத்துக்கு ஃபீல்டு என்று பெயர். ஒரு புத்தகத்தைப் பற்றிய எல்லா ஃபீல்டுகளும் சேர்ந்தது ஒரு ரெக்கார்டு. ரெக்கார்டுகள் எல்லாம் சேர்ந்தது டேபிள். இவ்வளவுதான் இலக்கணம்.

அடியில் இருக்கும் பட்டன்கள்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸை எடுத்துக்கொள்வோம். 1992-ல் வெளிவந்து இன்றும் விண்டோஸில் பயன்படும் மென்பொருள் இது. ஒரு டேபிளையோ ஃபார்மையோ திறந்தால், ஜன்னலின் அடிப்பகுதியில் வரிசையாகச் சில சின்னப் பட்டன்கள் தெரியும். முதல் ரெக்கார்டு, முந்தைய ரெக்கார்டு, அடுத்த ரெக்கார்டு, கடைசி ரெக்கார்டு, புதிய ரெக்கார்டு என்று ஐந்து. நடுவில் நீங்கள் நிற்கும் ரெக்கார்டின் எண்ணும் மொத்த எண்ணிக்கையும் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆஃபீஸ் பேஸ் மென்பொருளிலும் இதே பட்டன்கள்தான். அதில் மொத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால், எல்லா ரெக்கார்டுகளும் இன்னும் ஏற்றப்படவில்லை என்று பொருள். கடைசி ரெக்கார்டுக்குப் போய் வந்தால் சரியான எண்ணிக்கை தெரியும்.

கீபோர்டிலும் இதைச் செய்யலாம். டேப் கீ அடுத்த ஃபீல்டுக்குக் கொண்டுபோகும். ஷிஃப்ட்டுடன் சேர்த்துத் தட்டினால் முந்தைய ஃபீல்டுக்குத் திரும்பும். ஆக்சஸில் எஃப்5 கீயைத் தட்டி, 120 என்று டைப் செய்து என்டர் தட்டினால் நேராக 120-வது ரெக்கார்டுக்குப் போய்விடலாம். இவற்றைப் பழக அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குபவர்கள் மிகக் குறைவு.

எங்கே நிற்கிறீர்கள்?

நடக்கத் தெரியாததில் என்ன ஆபத்து? வேர்டு, எக்செல் போன்றவற்றில் நீங்கள் சேவ் செய்யும்வரை பழைய ஃபைல் பத்திரமாக இருக்கும் என்று பழகியிருப்பீர்கள். ஆக்சஸ் அப்படி இல்லை. ஒரு ரெக்கார்டில் எதையாவது மாற்றிவிட்டு அடுத்த ரெக்கார்டுக்கு நகர்ந்த நிமிடமே அது தானாகச் சேமித்துவிடும். உங்களிடம் எதுவும் கேட்காது.

இன்னொன்றும் உண்டு. டேப் கீயைத் தட்டி ஒரு ஃபீல்டுக்குள் நுழையும்போது, வழக்கமாக அதிலுள்ள தகவல் முழுவதும் தேர்வாகி நிற்கும். அப்போது தெரியாமல் ஒரு எழுத்தைத் தட்டினால் பழைய தகவல் மறைந்து, தட்டிய எழுத்து மட்டும் மிஞ்சும். புதிதாக வேலைக்கு வந்தவர் ஃபார்மைத் திறக்கிறார். முதல் ரெக்கார்டு தெரிகிறது. புதிய ரெக்கார்டுக்குப் போகாமல் அங்கேயே புதுப் புத்தகத்தின் விவரத்தை டைப் செய்கிறார். நகர்கிறார். உங்கள் பதிப்பகத்தின் முதல் புத்தகம் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டது!

இதற்குக் காவல் இரண்டு. ஒன்று, ரெக்கார்டின் இடது ஓரத்தைக் கவனிப்பது. அங்கே பென்சில் படம் தெரிந்தால் மாற்றம் நடந்திருக்கிறது, இன்னும் சேமிக்கப்படவில்லை என்று பொருள். இரண்டு, எஸ்கேப் கீ. ஒருமுறை தட்டினால் அந்த ஃபீல்டின் மாற்றம் ரத்தாகும். மறுமுறை தட்டினால் அந்த ரெக்கார்டின் எல்லா மாற்றங்களும் ரத்தாகும். எஃப்2 கீயையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபீல்டு முழுவதும் தேர்வாகி நிற்கும் நிலைக்கும், உள்ளே கர்சரை வைத்துத் திருத்தும் நிலைக்கும் மாறி மாறிப் போக அது உதவும்.

மென்பொருள் தயாரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பார்ப்பதற்கு ஒரு ஃபார்ம், திருத்துவதற்கு ஒரு ஃபார்ம் என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஆக்சஸில் ஒரு ஃபார்மின் 'அலவ் எடிட்ஸ்' என்ற பண்பை 'நோ' என்று மாற்றினால், அதில் இருக்கும் ரெக்கார்டுகளைப் பார்க்கத்தான் முடியும், மாற்ற முடியாது. ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டு, பயன்படுத்துபவர் தவறு செய்கிறார் என்று சொல்வது நியாயமில்லை.

தேடினால் கிடைக்கவில்லையே!

"தேடும் வசதிதான் இருக்கிறதே, நடப்பது எதற்கு?" என்று கேட்கலாம். தேடுவதும் நடப்பதில் ஒரு பகுதிதான். ஆக்சஸில் கன்ட்ரோல் கீயுடன் எஃப் தட்டினால் ஃபைண்ட் பெட்டி வரும். அதில் 'மேட்ச்' என்ற இடத்தில் வழக்கமாக 'ஹோல் ஃபீல்டு' என்று இருக்கும். அதாவது நீங்கள் கொடுக்கும் சொல்லும் ஃபீல்டில் உள்ள தகவலும் அப்படியே ஒன்றாக இருந்தால்தான் கண்டுபிடிக்கும். 'புதுமைப்பித்தன்' என்று தேடுகிறீர்கள். டேட்டாபேஸில் 'புதுமைப்பித்தன் (சொ. விருத்தாசலம்)' என்று இருக்கிறது. கிடைக்கவில்லை என்று பதில் வரும். 'எனி பார்ட் ஆஃப் ஃபீல்டு' என்று மாற்றித் தேடினால் உடனே கிடைக்கும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ரெக்கார்டுகள் டாம், டாப் அல்லது ஏதாவது ஒரு தனியார் எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருக்கும் குறியீடுகள் வேறு. யூனிகோடில் டைப் செய்து தேடினால் அவை கிடைக்காது. முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணை வைத்துத் தேடுவது நல்ல வழி. 2007-ம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இது 13 இலக்கம். அதற்கு முன் 10 இலக்கம். இந்திய எண்கள் 978-81, 978-93 என்று தொடங்கும். ஒரே புத்தகத்தின் கெட்டி அட்டைப் பதிப்புக்கும் சாதா அட்டைப் பதிப்புக்கும் தனித்தனி எண் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த எண்ணை நடுவில் கோடு போட்டு எழுதுவதா, கோடு இல்லாமல் எழுதுவதா என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் தேடல் பாதியில் நிற்கும். ஃபீல்டின் வகையையும் நம்பர் என்று வைக்காமல் டெக்ஸ்ட் என்று வையுங்கள். 10 இலக்க எண்கள் சில பூஜ்யத்தில் தொடங்கும், சில எக்ஸ் எழுத்தில் முடியும்.

நஷ்டம் யாருக்கு?

தேடியது கிடைக்காவிட்டால் என்ன செய்வோம்? "இல்லை போலிருக்கிறது" என்று புதிதாக ஒரு ரெக்கார்டு சேர்ப்போம். இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. 200 ரூபாய் விலையுள்ள ஒரு புத்தகம் 500 பிரதிகள் விற்றிருக்கிறது, ஆசிரியருக்கு 10 சதவீதம் ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சேர வேண்டியது 10,000 ரூபாய். அவர் பெயர் இரண்டு இடத்தில் பதிவாகி, 300 பிரதிகள் ஒரு ரெக்கார்டிலும் 200 பிரதிகள் இன்னொன்றிலும் ஏறியிருந்தால்? முதல் ரெக்கார்டை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர் 6,000 ரூபாய்க்குத்தான் செக் எழுதுவார். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் ஆசிரியருக்கு 4,000 ரூபாய் போய்விட்டது. அவருக்குத் தெரியக்கூட வழியில்லை.

நம் நாட்டில் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அதாவது உங்கள் டேட்டாபேஸில் உள்ள ஒரு முகவரியும் ஒரு விகிதமும் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலம்வரை சரியாக இருக்க வேண்டும். ஒரு ரெக்கார்டைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் இது நடக்குமா?

ஃபில்டரின் பயனுக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். அனுப்பிய தேதிக்கு ஒரு ஃபீல்டு வைத்து, அது காலியாக உள்ள ரெக்கார்டுகளை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள். அனுப்பாதவை எவை என்று உடனே தெரியும். பார்த்து முடித்ததும் ஃபில்டரை நீக்க மறக்காதீர்கள். அடியில் 'ஃபில்டர்டு' என்று இருக்கும்போது நீங்கள் பார்ப்பது முழுப் பட்டியல் அல்ல. அப்போது தெரியும் ரெக்கார்டு எண்ணும் நிரந்தரமானதல்ல. வரிசையை மாற்றினால் 45-வது ரெக்கார்டாக வேறொரு புத்தகம் வந்து நிற்கும். எனவே அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்து வைப்பது வீண்.

முதலாளியும் பழக வேண்டும்

"அதற்குத்தான் ஒரு பையனை வைத்திருக்கிறேனே" என்று சொல்லும் பதிப்பாளர்கள் உண்டு. அவர் விடுப்பில் போன அன்று ஒரு ஆசிரியர் வந்து, "என் புத்தகம் எத்தனை விற்றது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பேரேட்டு நோட்டு இருந்த காலத்தில் நீங்களே புரட்டிப் பார்த்துச் சொன்னீர்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த உரிமையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பொறியியல் கல்லூரியில் எங்களுக்கு டேட்டாபேஸ் பாடம் டேபிள் அமைப்பிலும் நார்மலைசேஷனிலும்தான் தொடங்கியது. டேட்டாபேஸ் துறையின் முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் பாக்மேன் 1973-ல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், புரோகிராமரை ஒரு மாலுமியாகவே வர்ணித்தார். தகவல்களுக்கிடையே வழி கண்டுபிடித்துப் போவதுதான் அவர் வேலை என்றார். ஆனால் அதற்கு முன்பே, 1970-ல், எட்கர் காட் வெளியிட்ட ரிலேஷனல் முறை அந்தச் சுமையைப் புரோகிராமரிடமிருந்து இறக்கிவைக்க வழி காட்டியிருந்தது. பிறகு அதுவே பரவலானது. எங்களுக்குச் சுமை குறைந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குக் குறையவில்லை. இன்றும் அங்கே நீங்கள்தான் மாலுமி.

ஆகவே மென்பொருள் விற்பவரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். உங்களுடைய 50 புத்தகங்களின் விவரத்தை ஏற்றி, அதன் நகல் ஒன்றை முதலில் தரச் சொல்லுங்கள். அந்த நகலில் ஒரு வாரம் இவற்றைப் பழகுங்கள்: 25-வது ரெக்கார்டுக்குப் போவது, பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவது, ஒரு ஆசிரியரின் புத்தகங்களை மட்டும் ஃபில்டர் செய்து எண்ணிவிட்டு ஃபில்டரை நீக்குவது, விலையை மாற்றிவிட்டு எஸ்கேப் தட்டி ரத்து செய்வது, வரிசையை மாற்றி ரெக்கார்டு எண் மாறுவதைப் பார்ப்பது. நகல் என்பதால் எது கெட்டாலும் கவலையில்லை.

இந்த ஐந்தும் கைவந்த பிறகு உண்மையான ஃபைலைத் திறந்து முதல் புத்தகத்தைப் பதிவு செய்யுங்கள்.