காட்டின் கீழ் ஒரு கிராமம்

நவீன ஹீப்ருப் புனைகதை பற்றிப் பேச்செடுத்தாலே ஆபிரகாம் ஈசாக்கின் மேல் கத்தியை ஓங்கிய கதை வந்துவிடுகிறது. தந்தை, மகன், பலிபீடம். அப்புறம் 'மனக்காயம்' என்று ஒரு வார்த்தை. விமர்சனம் முடிந்தது. இதை விமர்சனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதை நடக்கும் இடத்தைப் பார்க்காமல் தப்பிக்க இது ஒரு வழி.

எஸ். யிஸ்ஹாரின் 'ஹிர்பெத் ஹிஸா' 1949-ல் வந்தது. 1948 யுத்தத்தில் இஸ்ரேலிய சிப்பாய்கள் ஓர் அரபுக் கிராமத்து ஜனங்களை லாரிகளில் ஏற்றி வெளியேற்றுகிறார்கள். கதை சொல்லும் சிப்பாய்க்கு அப்போதுதான் 'கலூத்' என்ற சொல் உறைக்கிறது. நாடிழந்து அலைவதைக் குறிக்கும் அச்சொல்லை யூதர்கள் நூற்றாண்டுகளாகத் தம் துயரமாகச் சுமந்தவர்கள். அது இப்போது லாரியில் உட்கார்ந்திருக்கிறது. தொன்மம் அதன் சொந்தக்காரனுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1978-ல் இக்கதை தொலைக்காட்சிக்கு வந்தபோது இஸ்ரேலில் எழுந்த கூச்சல் 'பொதுவான மனித சோகம்' பற்றியதா?

ஏ.பி. யெஹோஷுவாவின் 'காடுகளுக்கு எதிரே' 1963-ல் வெளியானது. சிலுவைப் போர்களை ஆராயும் ஒருவன் காட்டில் தீக்காவல் வேலைக்குப் போகிறான். மரம் நடப் பணம் தந்தவர்களின் பெயர்கள் அங்கே தகடுகளில் இருக்கின்றன. உடன் இருக்கும் அரபுக் கிழவனுக்கு நாக்கு இல்லை. காடு எரிந்தபின் அதன் கீழிருந்த கிராமம் தெரிகிறது. கிழவனின் மௌனத்தை 'ஆதி மௌனம்' என்று வியப்பவர்களை நான் கேட்கிறேன்: நாக்கை அறுத்தது யார்? யுத்தத்தில் அறுபட்டது என்கிறது கதை; அறுத்தவர்கள் அவர்களா, நம்மவர்களா என்பது முக்கியமில்லை என்று நழுவுகிறது. அந்த நழுவலைத்தான் விமர்சகன் பிடித்து நிறுத்த வேண்டும்.

சிறுவயதில் முகாமிலிருந்து தப்பிய அஹரோன் அப்பல்ஃபெல்டும் பேரழிவை எழுதப் பலிபீடத்தைத் தேடவில்லை. 'பாடன்ஹைம் 1939'-ல் அவருக்கு ஓர் உல்லாச ஊர், யூதர்களைப் பதிவு செய்யும் சுகாதார இலாகா, ஒரு பலகாரக் கடை, கடைசியில் அழுக்குச் சரக்கு ரயில் பெட்டிகள் போதும்.

தொன்மமே கூடாது என்பதல்ல என் கட்சி. யிஸ்ஹார் போல அதை மண்ணில் இறக்கிப் பார்க்கவேண்டும். இல்லையேல் அதுவும் நடப்பட்ட காடுதான். நிழலில் உட்கார்ந்து ரசிக்கலாம். கீழே யார் வீடு என்று கேட்காத விமர்சகன் காட்டிலாகாவுக்கு உத்தியோகம் பார்க்கிறான்.