வல்லூறுக்குச் சட்டம், பழங்குடிக்கு வேண்டுகோள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 867 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது ஒரு பாறை. லகோட்டா பழங்குடி மக்களுக்கு அது ‘மாட்டோ டிபிலா’, அதாவது கரடியின் வீடு. அவர்கள் வழிபடும் இடம். 1906இல் நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அரசு அதை அறிவித்தது ‘டெவில்ஸ் டவர்’, சாத்தானின் கோபுரம், என்ற பெயரில்.

பாறையேற்ற வீரர்களுக்கு அது பெருங்கனவு. ஆனால் ஜூன் மாதம் பழங்குடிகளின் சடங்குக் காலம். எனவே 1995 முதல் தேசியப் பூங்காத் துறை ‘ஜூனில் ஏறாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்கிறது. அது வெறும் வேண்டுகோள். மீறினால் தண்டனை இல்லை. அந்த மாதம் வணிக வழிகாட்டிகளுக்கு மட்டும் அனுமதியை நிறுத்த முயன்றபோது வழக்கு வந்தது. அரசு ஒரு மதத்துக்குத் துணைபோகிறது என்று வாதிட்டார்கள். 1996இல் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. வேண்டுகோள் மட்டும் மிஞ்சியது.

அதே பாறையில் வல்லூறு கூடு கட்டினால் அருகிலுள்ள ஏறுபாதைகளை மூடிவிடுகிறார்கள். அது கட்டாயம். பறவையைக் காப்பது சரியே. நம் கேள்வி வேறு: பறவையின் கூட்டுக்குக் கிடைக்கும் சட்டம் மனிதரின் வழிபாட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை?

‘புனிதம் என்று சொல்லித் தெருவையும் குளத்தையும் கோயிலையும் மூடியவர்களை எதிர்க்கும் நாம், இதை மட்டும் ஆதரிக்கலாமா?’ என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நமக்குக் கதவடைத்தவர்கள் நிலமும் அதிகாரமும் வைத்திருந்தவர்கள். பிறப்பைப் பார்த்து நம்மை மட்டும் தள்ளிவைத்தார்கள். இங்கே கேட்பவர்களோ நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். யாருடைய பிறப்பையும் பார்க்காமல் எல்லாரிடமும் ஒன்றுபோல் வைக்கப்படும் கோரிக்கை இது. பாறையைச் சுற்றி நடக்கவோ பார்க்கவோ தடையில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் வரலாற்றை மறந்தவர்கள் ஆவோம்.

வேண்டுகோளை மதித்து ஜூனில் கயிற்றைச் சுருட்டி வைக்கும் வீரர்கள் பலர். அவர்களை மதிக்கிறோம். ஆனாலும் அடுத்தவர் மனம் வைத்தால் மட்டுமே கிடைப்பதை உரிமை என்று சொல்ல முடியாது.

நாளை நம் கைக்கு எந்த மலையின் பாதுகாப்புத் திட்டம் வந்தாலும் முதலில் இதைப் பார்ப்போம்: யாருக்கானது சட்டப்பிரிவில் இருக்கிறது, யாருக்கானது வேண்டுகோளாக நிற்கிறது?