பாட்டி கையில் பால் போத்தல்

பேரப்பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறீர்கள் என்று ஒரு மாலை நிகழ்ச்சியில் கேட்டிருந்தோம். இட்லி, கஞ்சி, நெஸ்தும் என்று அழைப்புகள் வந்தபடி இருந்தன. பீடோரிலிருந்து ஒரு பாட்டி பேசினார். மகனும் மருமகளும் கோலாலம்பூரில் வேலை செய்கிறார்கள். ஏழு மாதப் பேத்தி பாட்டியிடம் வளர்கிறாள். பெற்றோர் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுவார்கள். வாங்கி வைத்துவிட்டுப் போகும் மாவுப்பால் சில மாதம் கடைசி வரை வருவதில்லையாம்.

"அதனால என்னம்மா, ரெண்டு கரண்டி டின் பால சுடுதண்ணியில கலக்கிக் குடுத்தா புள்ள நல்லா தூங்குது. நாங்கல்லாம் தோட்டத்துல இத குடிச்சுத்தான வளந்தோம்."

பாட்டு ஓடிய நேரத்தில் அவரிடம் தனியாகப் பேசினேன். வீட்டில் இருக்கும் டின்னை எடுத்து, அதில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். "கண்ணாடி இல்லாம தெரியாதும்மா" என்றார். பெரிய எழுத்தில் தெரிவது நிறுவனத்தின் பெயர் மட்டும்தான். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற வரி பொடி எழுத்தில் ஓர் ஓரமாக இருக்கிறது.

இன்று கடையில் 'டின் பால்' என்று நாம் கேட்டு வாங்குவதில் பெரும்பாலானவை பாலே அல்ல, இனிப்பூட்டிய கிரீமர். ஏறக்குறைய பாதி சர்க்கரை, அதோடு பாமாயில், கொஞ்சம் பால் திடப்பொருள். தே தாரேக்குக்கு அருமையாக இருக்கும். ஏழு மாதக் குழந்தைக்குப் போதிய புரதமும் அதில் இல்லை, போதிய இரும்புச் சத்தும் இல்லை. இனிப்பில் வயிறு நிறைந்து பிள்ளை தூங்குகிறது. அழாமல் தூங்குகிற பிள்ளையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

"நாங்கள் குடித்து வளர்ந்தோம்" என்ற பேச்சை நம் வீடுகளில் எல்லாரும் கேட்டிருப்போம். வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள். வளராமல் போனவர்கள் வானொலிக்கு அழைப்பதில்லை. 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு என்று காரணங்கள் பல. இன்று அந்த எண் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. வயதான ஒரு தோட்டத்துப் பெண்மணியிடம் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கிறது அஞ்சு" என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார்.

டின் பாலைப் பற்றி இந்த வட்டாரத்தில் உரத்துப் பேசியவர் ஒரு பெண் மருத்துவர், சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். இன்றைய கானா நாட்டில் பணியாற்றியபோது, அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்ட குழந்தைகளுக்கு வரும் நோயைக் கண்டு, ஊர்ப் பெண்கள் அதற்கு வைத்திருந்த 'குவாஷியோர்கர்' என்ற பெயரிலேயே உலகுக்கு அறிவித்தார். 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி சிங்கப்பூர் வந்தார். அங்கே அவர் பார்த்த நோய் வேறு காரணத்தால் வந்தது. பால் நிறுவனங்கள் தாதியர் போல உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பி, தாய்ப்பாலைவிட டின் பால் உயர்ந்தது என்று சொல்ல வைத்தன. கொழுப்பு நீக்கிய பாலில் சர்க்கரை சேர்த்த மலிவான டின்களை ஏழைத் தாய்மார்கள் வாங்கினார்கள். கொழுப்போடு வைட்டமின் ஏயும் போய்விடும். அதையே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்கூடக் கெட்டது.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு, 'பாலும் கொலையும்'. இப்படி விற்பதைக் கொலை என்றே கருத வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தத் துணிச்சல் இன்று எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை. பிறகு ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு.

நம் தோட்டத்துக் கதைக்கு வருவோம். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டிய தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போவாள். திரும்ப மதியம் தாண்டிவிடும். மார்பில் பால் கட்டி வலிக்கும். அதே நேரத்தில் கொட்டகையில் பிள்ளை பசியில் அழும். டின் அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. அவளுக்கு அறிவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலை அவளை விடவில்லை, கடையில் டின் இருந்தது, அவ்வளவுதான்.

பெரட்டு போய்விட்டது. இடைவெளி போகவில்லை. முதல் ஆறு மாதம், அதாவது சுமார் 180 நாள், தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறது சுகாதார அமைச்சு. 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 98 நாள். முன்பிருந்த 60 நாளைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் மிச்சமுள்ள 82 நாளுக்கு யார் பொறுப்பு? அந்த நாள்களில்தான் பிள்ளை பீடோருக்கோ சுங்கைக்கோ பாட்டி வீட்டுக்கு வருகிறது. தலைநகரில் அம்மா கைப்பேசியில் எல்லாம் படித்து வைத்திருக்கிறாள். போத்தலைக் கலக்குகிற கை பாட்டியுடையது. நம் சுகாதாரப் பிரசாரத்தில் பாதி, தவறான கைப்பேசிக்குப் போகிறது என்பது என் எண்ணம்.

2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. பணக்கார நாடாகப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருக்கும் நாட்டில் இது. அந்தப் பக்கம், ஒரு வயதுக்கு மேல் 'வளர்ச்சிப் பால்' என்று ஒரு பெரிய டின்னை நம் தலையில் கட்டுகிறார்கள். அது தேவையில்லை, சாதாரணப் பசும்பால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் பருப்பும் எவ்வளவு வாங்கலாம்!

பீடோர் பாட்டியிடம் நான் கேட்டது ஒன்றுதான். அடுத்த தடுப்பூசி நாளில் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தோடு நீங்களே கிளினிக்குக்குப் போங்கள், போத்தலில் என்ன கலக்குகிறீர்கள் என்பதை மிஸ்ஸியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிஸ்ஸிகள் திட்டுவார்கள் என்று பயந்து சொல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு சிலர் திட்டத்தான் செய்வார்கள். பரவாயில்லை. எடையையும் உயரத்தையும் அந்தப் புத்தகத்துக் கோட்டில் குறித்துப் பார்த்தால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மகன், மருமகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிழிந்தெடுத்த தாய்ப்பால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும், உறைய வைத்தால் ஆறு மாதம் வரை. வெளியே நான்கு மணி நேரம் என்பார்கள், நம் ஊர் வெயிலில் அதை நம்ப வேண்டாம். வாரம் முழுக்கச் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வெள்ளிக்கிழமை பீடோருக்கு எடுத்து வரலாம். இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரம்தானே. ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். மாவுப்பால்தான் என்றால், மாதக் கணக்கைக் கறாராகப் போட்டு ஒரு டின் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். தீர்ந்துபோனது என்று சொல்லப் பாட்டிக்குக் கூச்சம்.

அலுவலகம் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால்: பால் எடுக்க ஓர் அறை வேண்டும். பூட்டுகிற கதவு, ஒரு நாற்காலி, ஒரு மின் இணைப்பு, பக்கத்தில் கை கழுவ ஓர் இடம். கழிவறையைக் கைகாட்டாதீர்கள். உங்கள் மதிய உணவை அங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?