சுவரில் வெள்ளை, வாவியில் பச்சை

பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளுக்குப் பெயின்ட் வாளி வந்துவிடும். அடிக்கும் முன், பல வருடம் வெயில் குடித்த வெளிச்சுவரில் கையை வைத்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டும். அதற்கு ஒரு காரணம், பெயின்டுக்கு வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் தூள். வெயில் பட்டால் அது சும்மா இராது. தன்னைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பசையையே மெல்லச் சிதைக்கும். இப்படித் தான் மாறாமல் இன்னொன்றை மாற்றும் பொருளை ஊக்கி என்பார்கள்.

இந்தக் குறும்பை நல்ல வேலைக்குத் திருப்பினால் என்ன? ஜப்பானைச் சேர்ந்த புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் இதே பொருளில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1979இல் அவர்களது குழு இத்தகைய தூள்களை நீரில் கலக்கி, காபனீரொட்சைட்டைச் செலுத்தி ஒளியூட்டியது. மெதனோல், போமிக் அமிலம் போன்றவை கிடைத்தன. உலகைச் சூடாக்கும் புகையே எரிபொருளாகும் வழி திறந்தது!

ஆனால் கிடைத்தது சொற்பம். இந்தத் தூள் கழியூதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். சூரிய ஒளியில் அது நூற்றுக்கு ஐந்து பங்குதான். ஒளியால் கிளம்பும் இலத்திரன்களும் வேலை முடியுமுன் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. செம்பு போன்ற உலோகங்களைச் சேர்த்து இக்குறையைத் தீர்க்க ஆய்வாளர்கள் இன்றும் முயல்கிறார்கள்.

இந்தத் தூளின் மூலப்பொருள் நமக்குத் தூரமில்லை. நம் கிழக்குக் கரையின் புல்மோட்டையில் கறுப்பாய் மின்னும் இல்மனைட் மணலில் தைத்தேனியம் இருக்கிறது. நாமோ பல காலமாக மணலை மணலாகவே கப்பலேற்றிவிட்டு, அதிலிருந்து எடுக்கும் வெண்தூளைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இரசாயனம் படிக்கும் நம் பிள்ளைகள், ஆண் பெண் இரு பாலாரும், இதை யோசிக்க வேண்டாமா?

ஆய்வுகூடம் தடுமாறும் அதே வேலையை மட்டக்களப்பு வாவிக்கரையின் கண்டல் இலை அன்றாடம் செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பிடித்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மாப்பொருளாக்குகிறது, மரமாக்குகிறது, உதிர்ந்த இலையையும் வேரையும் சேற்றுக்குள் சேமிக்கிறது. இறாலும் மீன்குஞ்சும் அதன் வேரடியில்தான் வளர்கின்றன.

மனிதன் செய்யும் இலை ஒருநாள் வரலாம். அதுவரை, விறகுக்கென்றோ காணி நிரப்பவென்றோ வாவிக்கரைக் கண்டலில் கத்தி வைக்குமுன் ஒரு கணம் நின்று யோசியுங்கள். நாம் வெட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலையை.