ஹார்னை மூலையிலிருந்து இழுக்காதீர்கள்

ஸ்பீக்கரைச் சுவரை விட்டு மூன்றடியாவது முன்னால் இழுத்து வைக்க வேண்டும், மூலைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஆடியோ கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள், யூடியூபிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலான பெட்டி ஸ்பீக்கர்களுக்கு இது சரியான யோசனை. அவை திறந்த வெளியில் நின்று பாடும்படி வடிவமைக்கப்பட்டவை. சுவரோடு ஒட்டினால் பேஸ் வீங்கி, மிருதங்கத்தின் தொப்பி ஒலி மொத்தையாகிவிடும். இதே விதியை, விரிந்துகொண்டே போகும் குழல் வழியே ஒலியை வெளிவிடும் ஹார்ன் ஸ்பீக்கருக்கும் போட்டு, மூலைக்கென்றே பிறந்த ஒரு கருவியை ஹாலின் நடுவே நிறுத்திவிட்டு, "ஹார்னில் பேஸ் வராது, கத்தும்" என்று தீர்ப்பும் எழுதுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். திறந்த வெளியில் ஒரு ஹார்ன் அந்த ஒலியை ஒழுங்காக வெளியே விட, அதன் வாயின் சுற்றளவு ஏறக்குறைய அந்த அலைநீளம் அளவுக்கு இருக்க வேண்டும். அதாவது ஒன்பதடி விட்டமுள்ள வாய், கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். எந்த வீட்டில் வைப்பது? ஆனால் தரையும் இரண்டு சுவர்களும் சேரும் மூலையில் ஒலி பரவும் வெளி எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தேவையான வாயும் அதே விகிதத்தில் முக்கால் சதுர மீட்டருக்குக் குறைகிறது. இப்போது அது வீட்டுக்குள் அடங்கும்.

1930களில் லண்டனில் பால் வாய்ட் வீட்டு மூலைக்கென்று ஹார்ன் செய்தார். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் 1946-ல் கம்பெனி தொடங்கி கிளிப்ஷ்ஹார்னை விற்கத் தொடங்கினார். இன்றும் அது தயாரிப்பில் இருக்கிறது. 1953-ல் டனாய் கம்பெனியின் ஆட்டோகிராஃப் வந்தது, அதுவும் மூலைக்காரர்தான். இடமில்லாத குறைக்கு மூலையில் ஒதுக்கப்பட்டவை அல்ல இவை. மூலையை வடிவமைப்பின் ஓர் உறுப்பாகவே எடுத்துக்கொண்டவை.

பழைய கிளிப்ஷ்ஹார்னின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பின்பலகை முழுதாக இருக்காது. உள்ளே இருக்கும் 15 அங்குல ஊஃபரின் ஒலி மடிந்து மடிந்து பின்னால் வந்து, கடைசி நடையை வீட்டுச் சுவர்களின் ஓரமாகத்தான் முடிக்கிறது. சுவர்தான் ஹார்னின் கடைசித் துண்டு. ஆகவே அதை மூன்றடி முன்னால் இழுப்பது, நாதஸ்வரத்தின் அடியில் விரியும் அணைசைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொல்வதற்குச் சமம். நம் வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: சுவரடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல். அரை அங்குலம்தான் துருத்தியிருக்கும், ஆனால் பெட்டி அதில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேலே இடுப்புயரம் வரை ஓர் இடைவெளி விழும், பேஸ் அதன் வழியே கசிந்துபோகும். கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் பட்டையை வாங்கிப் பெட்டியின் பின் விளிம்பில் ஒட்டிச் சுவரோடு அழுத்தினால் போதும். செலவு மிகக் குறைவு. இதைச் செய்யாமலே ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புதிய மாடலில் பின்பக்கத்தை மூடிவிட்டார்களே, கிளிப்ஷ் கம்பெனியே மூலையைக் கைவிட்டதாகத்தானே அர்த்தம் என்பார்கள். இல்லை. சுவரோடு காற்றுப்புகாமல் ஒட்டவேண்டிய கட்டாயம் நீங்கியது, அவ்வளவே. வெளி எட்டில் ஒன்றாகச் சுருங்கும் லாபம் மூலையில்தான் கிடைக்கிறது.

சுவரை விட்டு இழுத்தால் ஒலி சுத்தமாகும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்கலாம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. 86 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சரியாக அரை அலை. நேராக வருவதும் திரும்பி வருவதும் ஒன்றையொன்று தின்றுவிடும், பேஸில் பள்ளம் விழும். மூலையோடு ஒட்டியிருந்தால் இந்தப் பள்ளத்துக்கே இடமில்லை.

மூலையில் வைத்தால் அது அறையின் எல்லா அதிர்வுகளையும் கிளப்பும் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து நாற்காலியை நகர்த்துவது. 5 மீட்டர் நீள அறையின் முதல் அதிர்வு 34 ஹெர்ட்ஸ் வாக்கில் விழும். அதன் அழுத்தம் பின்சுவரில் உச்சம், நடுவில் பூஜ்யம். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப்போடும் வழக்கத்தை விட்டு, சுவருக்கும் நடுவுக்கும் இடையில் உட்காருங்கள்.

பெரிதும் பேசப்படாத லாபம் ஒன்று உண்டு. மூலையில் நிற்கும் ஹார்ன் இயல்பாகவே 45 டிகிரி உள்நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டின் நேர்முகக் கோடுகளும் கேட்பவருக்கு முன்னாலேயே குறுக்கிட்டுக்கொள்ளும். நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் வல ஸ்பீக்கர் அருகில் வருகிறது, ஆனால் அதன் நேர்முகத்திலிருந்து விலகிவிடுகிறீர்கள். இடது தூரமாகிறது, ஆனால் அதன் நேர்முகத்துக்குள் வருகிறீர்கள். தூரம் பறித்ததைத் திசை திருப்பிக் கொடுக்கிறது, பாடகர் நடுவிலேயே நிற்கிறார். ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் நல்ல ஒலி என்பதை வேதமாக்கிவிட்டார்கள். அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று சோபா முழுக்க உட்கார்ந்து கேட்கும் வீட்டில் அந்த வேதத்துக்கு என்ன வேலை?

மூலைகள் இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் நடுவில் ஓட்டை விழும், உண்மைதான். கிளிப்ஷ் அதற்கும் வழி வைத்திருந்தார்: இரண்டு சானலையும் கலந்து நடுவில் மூன்றாவது ஸ்பீக்கர் ஒன்று. 1957-ல் வந்த ஹெரசி அந்த நடு இடத்துக்காகவே செய்யப்பட்டது.

எல்லா ஹார்னும் மூலைக்கு உரியவை அல்ல. நடு ஒலிக்கு மட்டும் ஹார்ன் வைத்து, பேஸுக்குச் சாதாரணப் பெட்டி வைத்த ஸ்பீக்கர்கள் ஏராளம். அவற்றை மூலையில் திணிப்பதும் தவறே. ஆனால் மூலைக்கென்று செய்தது உங்கள் கைக்கு வந்திருந்து, வீட்டில் ஒரு பக்கம் பால்கனிக் கதவாகப் போய்விட்டால், கனமான பிளைவுட்டில் இரண்டு பலகைகளைச் செங்கோணமாகச் சேர்த்துத் தச்சரிடம் ஒரு பொய் மூலை செய்துகொள்ளுங்கள். கடையில் கேட்கப் போகிறவர்கள், ஷோரூமின் நடுவில் நிற்கும் கிளிப்ஷ்ஹார்னைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். மூலைக்குத் தள்ளச் சொல்லி, அதே பாட்டை மறுபடி போடச் சொல்லுங்கள்.