சமநிலை என்னும் பொய்

சில சொற்கள் யாராலும் கேள்வி கேட்கப்படாமலேயே தம் ஆயுளைக் கழித்துவிடுகின்றன. 'சமநிலை' அவற்றுள் ஒன்று. அதைக் கெட்டது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் அமெரிக்காவில், பேஸ்பால் விளையாடும் பதினேழு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் செய்துவரும் வேலையைப் பார்த்த பிறகு, அதைக் கூண்டிலேற்றி விசாரித்தே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது.

நண்பர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று கல்லூரிகளின் கடிதங்கள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. மகன் பந்தெறிபவன், இடக்கையன், கணிதத்திலும் கெட்டிக்காரன். "படிப்பும் பேஸ்பாலும் சமநிலையில் இருக்கிற கல்லூரி இந்த மூன்றில் எது, சொல்லுங்கள்" என்றார் நண்பர். அப்படியொரு கல்லூரி மூன்றிலும் இல்லை, முந்நூறிலும் இல்லை என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று பாதியில் நின்ற பதிலின் மீதிதான் இது.

முதலில் கணக்கு. கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1973-ல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. முதற்பிரிவில் ஓர் அணி ஒரு பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கி மே மாதம் வரை நீள்கிறது. வாரத்துக்கு நான்கு ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் பாதி வெளியூரில். வடக்கே பனி உறைந்து கிடக்கும் மாநிலங்களின் அணிகள் முதற்சில வாரங்களைத் தெற்கே பறந்துபோய்த்தான் ஆடவேண்டும். வசந்தகாலப் பருவத்தின் பாதியைப் பேருந்திலும் விமான நிலையத்திலும் கழிக்கும் மாணவன் எந்த வேதியியல் ஆய்வகத்தில் நிற்பான்? ஆய்வக வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலில் வருகின்றன, பயிற்சியும் பிற்பகலில்தான். இரண்டில் ஒன்று விலகவேண்டும். விலகுவது எது என்பதைப் பயிற்சியாளரின் முகம் முடிவு செய்கிறது.

இதற்கு ஒரு விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் மாணவனை விளையாட்டில் ஈடுபடுத்தக் கூடாது என்று 1991 முதல் விதி இருக்கிறது. அந்த விதியின் அழகை நம் வாசகர்கள் ரசிக்கவேண்டும். ஆட்டம் நடக்கும் நாள், அது எத்தனை மணி நேரம் இழுத்தாலும், ஏட்டில் மூன்று மணி நேரம். பயணம் ஏட்டிலேயே இல்லை. காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொள்வது இல்லை. 'தன் விருப்பத்தின் பேரில்' செய்யும் கூடுதல் பயிற்சி இல்லை. அந்த விருப்பம் இல்லாதவனுக்கு அணியில் இடமும் இருக்காது என்பது ஏட்டில் எழுதப்படாத வரி. அதே சங்கம் மாணவர்களிடமே கேட்டு நடத்திய கணக்கெடுப்புகளில், முதற்பிரிவு பேஸ்பால் வீரர்கள் வாரத்துக்கு 40 மணி நேர அளவில் விளையாட்டுக்குச் செலவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முழுநேர வேலை ஒன்றைச் செய்துகொண்டே படிக்கும் ஒருவனை நாம் 'சமநிலையில் வாழ்பவன்' என்று அழைப்பதில்லை. அவனுக்காக இரக்கப்படுகிறோம். பேஸ்பால் ஆடுபவனுக்கு மட்டும் கைதட்டுகிறோம்.

'மாணவ-வீரர்' என்ற சொல்லின் பிறப்பையும் பார்த்துவிடுவோம். இலட்சியத்தின் மொழி போல ஒலிக்கும் இந்தக் கூட்டுச்சொல்லின் தொட்டில் நீதிமன்ற வாசலில் இருந்தது. 1955-ல் கொலராடோவில் ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்காடினார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விளையாடுபவன் ஊழியன் ஆகிவிட்டால் இழப்பீடு தரவேண்டியிருக்குமே என்ற அச்சம் சூழ்ந்த அந்த ஆண்டுகளில்தான் சங்கம் இந்தச் சொல்லை எங்கும் புழங்கச் செய்தது. அப்படிச் செய்த வால்ட்டர் பையர்ஸ், 1951 முதல் 1988 வரை சங்கத்தின் செயல் இயக்குநராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு 1995-ல் எழுதிய நூலில் தாம் கட்டிய அமைப்பையே சுரண்டல் என்று சாடினார். தன் சிலையைத் தானே உடைத்த சிற்பியைப் பிறகு யாரும் பொருட்படுத்தவில்லை. சொல் மட்டும் நின்றுவிட்டது.

சரி, பணமாவது கிடைக்கிறதே என்று ஒரு வாதம். மற்ற விளையாட்டுகளைப் பற்றி நான் பேசவில்லை. பேஸ்பாலில் நெடுங்காலம் இருந்த நிலை இது: முதற்பிரிவில் ஓர் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைகள். அவற்றை 27 பேர் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பாதிகூட வரவில்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதலளித்த உடன்படிக்கைக்குப் பிறகு, அதை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் அந்த வரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 34 பேருக்குமேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. எல்லோருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம் என்பது வேறு, கொடுப்பார்கள் என்பது வேறு. அணிக்கு 34 பேர்தான் என்று ஆனபின், அடுத்த கல்லூரியிலிருந்து மாறிவரும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கும் பள்ளியிலிருந்து வரும் பையனுக்கும் இடையே பயிற்சியாளர் யாரைத் தேர்வார் என்பதற்குச் சோதிடம் வேண்டியதில்லை.

தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுவான் என்ற கனவு மீதமிருக்கிறது. முதற்பிரிவில் மட்டும் ஏறத்தாழ 300 கல்லூரி அணிகள், பத்தாயிரம் வீரர்கள். மேஜர் லீக்கின் வருடாந்திரத் தேர்வு 2019 வரை 40 சுற்றுகளாக நடந்தது. 2020-ல் ஐந்து சுற்றுகள். 2021 முதல் இருபது. அந்த அறுநூற்றுச் சொச்ச இடங்களுக்கும் பள்ளி மாணவர்களும் இளநிலைக் கல்லூரி மாணவர்களும் போட்டியிடுகிறார்கள். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவனை மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது இருபத்தொரு வயது ஆகும்வரை எடுக்க முடியாது என்பது விதி. ஆகவே வெற்றி பெற்றவன் பெரும்பாலும் பட்டம் முடிக்காமல் போகிறான்; தோற்றவன் பட்டத்தோடு நிற்கிறான். வெற்றியின் பொருள் படிப்பை விட்டுப்போவதுதான் என்றால், இதில் சமநிலை எங்கே வந்தது?

திறமையைக் கல்லூரி அளந்துவிடும் என்ற நம்பிக்கையும் வீண். யூ.சி.எல்.ஏ.வில் ஒரே ஆண்டில் நான்கு விளையாட்டுகளில் அணிச்சின்னம் பெற்ற முதல் மாணவர் ஜாக்கி ராபின்சன். அந்த நான்கில் அவர் மிக மோசமாக ஆடியது பேஸ்பால்தான். 1940-ல் அவருடைய மட்டைச் சராசரி .097, பத்து முறை மட்டை பிடித்தால் ஒருமுறைகூட உருப்படியாக அடிக்கவில்லை என்று பொருள். 1941-ல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1947-ல் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி இந்த ஆட்டத்தின் நிறவெறிச் சுவரை உடைத்தவரும் அவர்தான். கல்லூரியின் தராசு அவரை நிறுத்துப் பார்த்து, எடை போதாது என்றுதான் சொல்லியிருக்கும்.

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்ல. விளையாட்டு ஒழுங்கைக் கற்றுத்தருகிறது. தோல்வியைத் தாங்கும் மனத்தைத் தருகிறது. பத்தில் ஏழுமுறை தோற்பவன் மேதையாகக் கருதப்படும் ஆட்டம் பேஸ்பால், ஆகவே இது இளைஞனுக்கு நல்ல பள்ளி. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவை விளையாடுவதற்கான நியாயங்களே அன்றி, விளையாட்டை வைத்துக் கல்லூரியைத் தேர்வதற்கான நியாயங்கள் அல்ல. ஏழை மாணவனுக்கு இது ஏணியாயிற்றே என்பது இன்னொரு வாதம். கோடைப் பயண அணிகளுக்கும், தனிப்பயிற்சிக்கும், பயிற்சியாளர்கள் வந்து பார்க்கும் காட்சிப் போட்டிகளுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் கட்டியவன்தான் அந்த ஏணியின் முதற்படியையே காண்கிறான். ஏழைகளின் பெயரால் இந்த அமைப்பைக் காப்பது, அன்னதானத்தின் பெயரால் ஓட்டலை நடத்துவது போன்றது.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவமும் பொறியியலும் தவிர மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று சொல்லி வளர்க்கப்பட்டு அமெரிக்கா வந்த தலைமுறை, விளையாட்டை இப்போது மதிக்கத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன். நெருங்கிப் பார்த்தால், மதித்தது விளையாட்டையல்ல, சேர்க்கை மனுவில் அதற்கென்று இருக்கும் கட்டத்தை. வயலினுக்குப் பக்கத்தில் மட்டையும் வந்து சாய்ந்துகொண்டது, அவ்வளவே. இந்த மனநிலையின் இறுதி எல்லையை 2019-ல் உலகம் பார்த்தது. ஆடாத விளையாட்டுகளில் பிள்ளைகளை வீரர்களாகச் சோடித்து, பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து, பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் இடம்பிடித்த பெற்றோர் கைதானார்கள். நம்மில் பெரும்பாலோர் அத்தனை தூரம் போகமாட்டோம். ஆனால் விளையாட்டு என்பது வேறெதற்கோ ஆன வழி என்று பிள்ளைக்குச் சொல்லித்தந்த கணத்தில் அந்தப் பாதையில் முதல் அடியை வைத்துவிட்டோம்.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் சொல்வது எளியது. தராசைத் தூக்கி எறியுங்கள். முதலில் கல்லூரி. முதல் இலையுதிர் காலத்திலேயே முழங்கை நாண் அறுந்து, இனி பந்தே எறிய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பையன் அங்கேயே இருக்க விரும்புவானா? ஆம் என்றால் அது அவனுக்கான கல்லூரி. அதன் பிறகு பயிற்சியாளரிடம் கேளுங்கள்: உங்கள் மூன்றாம் ஆண்டு வீரர்கள் என்ன படிக்கிறார்கள்? பொறியியலோ இயற்பியலோ படிப்பவர் எத்தனை பேர்? ஆய்வக வகுப்புக்காகப் பயிற்சிக்கு வராதவனை என்ன செய்வீர்கள்? உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா? நீங்கள் நாளை வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் இந்த வாக்குறுதி யாருடையது? சங்கடப்படாமல் பதில் சொல்பவர் இருந்தால் அவரை நம்பலாம்.

மூன்றாம் பிரிவு என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆட்டங்களும் குறைவு. எம்.ஐ.டி. அங்கேதான் ஆடுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2008-லும் 2023-லும் அப்பிரிவின் தேசிய இறுதியாட்டம் வரை வந்தது. யேலும் பிரின்ஸ்டனும் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் முதற்பிரிவில் ஆடினாலும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. 1981 மே மாதத்தில் யேல் மாணவர் ரான் டார்லிங் பதினோரு இன்னிங்ஸ்கள் வரை எதிரணிக்கு ஓர் அடியைக்கூட விட்டுக்கொடுக்காமல் பந்தெறிந்து, பன்னிரண்டாவதில் 1-0 என்று தோற்றார். கல்லூரி பேஸ்பாலின் மிக அழகிய பிற்பகல்களுள் ஒன்று என இன்றும் பேசப்படும் அந்தத் தோல்வியைப் பற்றி ரோஜர் ஏஞ்சல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையை நம் வாசகர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

அதே யேலில் அப்போது தலைவராக இருந்தவர் பார்ட் ஜியாமாட்டி. மறுமலர்ச்சிக் கால இலக்கியப் பேராசிரியர். ஸ்பென்சரைப் பற்றி நூல் எழுதியவர். 1989-ல் மேஜர் லீக் பேஸ்பாலின் ஆணையராகி, ஐந்தே மாதங்களில் மறைந்தவர். விளையாட்டை நேசிக்க அணிப் பட்டியலில் இடம் வேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு சாட்சி உண்டு. கால்டெக் கல்லூரியின் பேஸ்பால் அணி 2003-லிருந்து 2013 வரை தொடர்ந்து 228 ஆட்டங்களில் தோற்றது. முதலாண்டில் சேர்ந்து, நான்காண்டுகள் ஆடி, ஒரு வெற்றியைக்கூடக் காணாமல் இயற்பியல் பட்டத்தோடு வெளியேறிய மாணவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் மறுநாள் பிற்பகலும் கையுறையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். யாரும் பணம் கொடுக்கவில்லை. யாரும் வந்து பார்க்கவில்லை. 2013 பிப்ரவரியில் ஒருநாள் வென்றார்கள். அந்த வெற்றியைவிட, அதற்கு முந்தைய நாளின் பயிற்சியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நண்பர் வீட்டில் விடைபெறும்போது பையன் வாசல்வரை வந்தான். மூன்று கடிதங்களைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிய எங்களிடம் அவன் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "அங்கிள், இந்த மூன்றில் எந்த இடத்தில் என்னை ஆடவிடுவார்கள்? பெஞ்சில் உட்கார எனக்குப் பிடிக்காது" என்றான்.

நாங்கள் அவனிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.