அரிப்பு அடங்கினால் போதுமா?

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் மழைக்காலத்தில் துணி காய்வதே பெரும்பாடு. நெருக்கமான வீடுகள், ஈரக் காற்று. படர்தாமரைக்கும் சொறிக்கும் இது தோதான காலம்.

இரண்டுமே தொற்றும், இரண்டுமே அரிக்கும், ஆனால் ஒன்றல்ல. விளிம்பு சிவந்து வட்டமாகப் படர்ந்தால் பூஞ்சை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாகத் தோன்றி இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், தோலைத் துளைக்கும் நுண்ணிய சொறிப் பூச்சி.

பலர் நாடுவது ஸ்டீராய்டு கலந்த களிம்பை. அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. 2020-ல் விஞ்ஞானிகள் பெயரிட்ட 'டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே' என்ற பூஞ்சைக்குப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. வழக்கமான டெர்பினஃபின் மருந்துக்கு அது பல சமயம் மசிவதில்லை.

சொறிக்கு மருத்துவர்கள் சொல்வது 5 சதவீத பெர்மெத்ரின். இரவில் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே தடவ வேண்டும். துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைப்பது அவசியம்.

முக்கியமானது, அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவுவது. ஒருவர் மட்டும் பூசிக்கொண்டால், பூச்சி பக்கத்துப் பாயிலிருந்து திரும்பி வரும்.